ஏரிச் சேற்றில் சிக்கிய மாட்டை உயிரோடு மீட்பது எப்படி?

பாகூர்_மேற்கு கேட்டது:

எங்கள் வீடு பாகூர் ஏரி ஓரம். சித்திரை பிறந்தால் தண்ணீர் உள்வாங்கிவிடும். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு அகலமாகக் கிடக்கும். மேல்மண் வெயிலில் காய்ந்து வெடித்து, பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகும் மாடு நாலு எட்டு வைத்ததும் பொதுக்கென்று உள்ளே இறங்கிவிடும்.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சினைப் பசு அப்படிச் சிக்கி, வயிறு வரை புதைந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கழுத்தில் தாம்புக்கயிறு கட்டி டிராக்டரில் இழுத்தார்கள். வெளியே வரும்போதே நாக்கு தள்ளி, கண் செருகியிருந்தது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது, வயிற்றில் இருந்த கன்றோடு. பால் ஊற்றித்தான் அந்த அக்கா இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். இழுத்தவர்களும் நல்ல மனசோடு ஓடி வந்தவர்கள்தான். முறை தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்த மாடு இன்று கொட்டகையில் நின்றிருக்கும்.

கயிற்றை எங்கே கட்ட வேண்டும்? டிராக்டர், ஜேசிபி வைத்து இழுக்கலாமா? தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்? தேவையான சாமான்களை வாங்கி வைக்க ஊர்ப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள்.

குறிஞ்சிப்பாடியார்:

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோடை வந்தால் கிணற்றில் விழுந்த மாடு, ஏரியில் சிக்கிய மாடு என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. கழுத்தில் கயிறு போட்டு இழுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

மாட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடை மட்டும் இல்லை. ஈரக்களி குளம்பைச் சுற்றி இறுக ஒட்டிக்கொள்கிறது. காலை மேலே தூக்கினால் குளம்புக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, அது காலைத் திரும்பக் கீழே இழுக்கும். அந்த நிலையில் டிராக்டர் போட்டால் சேறு விடாது, மாட்டின் மூட்டும் கழுத்து நரம்பும்தான் விடும். அதனால் முதல் வேலை இழுப்பது இல்லை. சேற்றைத் தளர்த்த வேண்டும்.

அதற்குத் தண்ணீர் போதும். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரோ சின்ன மோட்டார் பம்ப்போ இருந்தால், ஒரு நீளக் குழாயைக் காலை ஒட்டியே கீழே இறக்கி, குளம்பு வரை தண்ணீர் விடுங்கள். களி கூழாகிவிடும். கால் விடுபடும்போது "பொளக்" என்று ஒரு சத்தம் கேட்கும், கையிலும் அந்த அதிர்வு தெரியும். அப்புறம் அடுத்த கால். நாலு காலும் தளர்ந்த பிறகுதான் கயிற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

கயிறு என்று சொன்னாலும் வெறும் கயிறு கூடாது, சதையை அறுத்துவிடும். லாரியில் சரக்கு கட்டும் அகலப் பட்டை நல்லது. தீயணைப்பு நிலையத்தில் கழித்துப் போட்ட பழைய ஹோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றிப் போட வேண்டும். கழுத்து, கொம்பு, வால், மூக்கணாங்கயிறு எதிலும் இழுக்கக் கூடாது. கால் ஒன்றைத் தனியாகக் கட்டி இழுப்பதும் கூடாது. கரைப் பக்கமாகத் தாழ்வாக இழுங்கள். பத்துப் பேர் சேர்ந்து மெதுவாக இழுப்பது இயந்திரத்தை விட நல்லது, மாடு வலித்துத் திமிறினால் மனிதக் கை உடனே உணர்ந்து நிறுத்தும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பேசக் கூடாது.

ஆட்களும் புதையாமல் இருக்க வேண்டுமே. சென்ட்ரிங் பலகை, பழைய கதவு, ஏணி, எது கிடைத்தாலும் சேற்றின் மேல் போட்டு அதன் மேல் மண்டியிட்டுப் போங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனை கரையில் இருக்கட்டும். பின்னங்கால் பக்கம் போகாமல் தோள்பட்டைப் பக்கமாக நெருங்குங்கள்.

பெருமாள் ஏரியில் ஒருமுறை, வண்டல் எடுத்த குழியில் ஒரு பசு சிக்கியது. எங்கள் வண்டியைக் கண்டு மிரண்டு திமிறத் திமிற இன்னும் இறங்கியது. வளர்த்த பாட்டி பலகை மேல் ஊர்ந்து வந்து, முந்தானையால் அதன் கண்ணை மூடி, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மாடு அப்படியே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் வளர்த்தவரை முதலில் கூப்பிடச் சொல்வேன். கண்ணை மூட ஒரு துணியும் எடுத்துக்கொள்வேன்.

101-க்கு முதலிலேயே போன் செய்யுங்கள். எல்லா வழியும் பார்த்துவிட்டுக் கடைசியில் கூப்பிடுகிறார்கள், அதற்குள் மாடு களைத்துவிடுகிறது.

வில்லியனூர்_கால்நடை:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கால்நடை மருத்துவர். மாடு கரையேறியதும் எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை, பிழைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

பக்கவாட்டில் நீட்டிப் படுக்க விடாதீர்கள். அப்படிக் கிடந்தால் வாயு வெளியேறாமல் வயிறு உப்பி மூச்சு முட்டும், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. நெஞ்சை ஊன்றி உட்கார வைத்து, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள். எழ முடியாத மாட்டை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியிலும்தான். அதன் எடையே அடியில் இருக்கும் தொடையை நசுக்கி, நரம்பைச் செயலிழக்கச் செய்யும். சிமெண்டுத் தரை வேண்டாம், மணலோ கனமாகப் போட்ட வைக்கோலோ இருக்கட்டும்.

மூங்கில் குழாயில் கஞ்சி ஊற்றாதீர்கள். களைத்த மாட்டுக்கு விழுங்கும் தெம்பு இருக்காது, புரையேறிவிடும். வாளியை முன்னால் வையுங்கள், தானே குடிக்கட்டும். கறவை மாடாக இருந்தால் மடியைக் கழுவித் துடையுங்கள், சேறு காம்பு வழியாக மடிநோயைக் கொண்டுவரும். உடம்பைத் துடைத்துக் கோணி போர்த்துங்கள். கோடையிலும் பல மணி நேரம் ஈரச்சேற்றில் கிடந்த மாட்டுக்கு உடல் சூடு குறைந்திருக்கும்.

தமிழகப் பக்கம் இருப்பவர்கள் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-க்கு அழைக்கலாம். பாகூரில் இருந்து குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போகிற தூரம்தான், ஆனால் எழ முடியாத மாட்டை வண்டியில் ஏற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கெடிலக்கரை:

நான் கடலூர்க்காரன், இப்போது கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறேன். குறிஞ்சிப்பாடி ஐயா பலகையைப் பற்றி எழுதியதும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டி உடைந்து நாய் உள்ளே விழும், காப்பாற்றப் போகிற ஆளும் விழுவார். எங்கள் தெருவில் ஒரு நாய் அப்படி விழுந்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் நிற்கவே இல்லை. மிதக்கும் உடுப்போடு குப்புறப் படுத்து ஊர்ந்து போனார், இடுப்புக் கயிறு கரையில் இருந்தவர்கள் கையில். எடையைப் பரப்பினால் கட்டி தாங்கும். ஓர் ஆள் நடக்க நல்ல தெளிவான கட்டியே பத்து சென்டிமீட்டர் கனம் வேண்டும், ஓடை கலக்கும் இடத்தில் அதுவும் நம்பிக்கை இல்லை. உறைநீரில் விழுந்தவருக்குக் கைகால் உருப்படியாக அசைவது சுமார் பத்து நிமிஷம்தான். அதனால் நாய் பின்னால் யாரும் போகாதீர்கள், அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பையன்களுக்கும் இதை அழுத்திச் சொல்லுங்கள்: கரையில் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது.

பாகூர்_மேற்கு:

ஐயா, அம்மா, அண்ணே, மூவருக்கும் நன்றி. இன்று மாலை பையன்களிடம் வாசித்துக் காட்டினேன். லாரிப் பட்டை, நைலான் கயிறு, நாலு பலகை, நீளக் குழாய் எல்லாம் ஏரிக்கரைக் கோயில் மண்டபத்தில் வைப்பதாக முடிவு. ஸ்பிரேயர் ஒருவர் தருகிறார். மாடு அந்தப் பக்கம் போகாமல் தடுக்க ஏதாவது வழி உண்டா ஐயா?

குறிஞ்சிப்பாடியார்:

கரையோரம் மேட்டில் ஒரு தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி வையுங்கள், பாதி மாடு ஏரிக்குள் இறங்காது. வண்டல் எடுத்தவர்களையே அழைத்துப் போய்க் குழி எங்கெங்கே என்று கேட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் முள் வெட்டிப் போடுங்கள். ஒரு மழை பெய்து தண்ணீர் ஏறிவிட்டால் குழி இருக்கும் இடம் தெரியாது, அதனால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.