ஆன்லைனில் மொத்தமாக வாங்கிய பவர் பேங்க்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறேன். இதுவரை சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய், பார்த்துத்தான் சரக்கு எடுப்பேன். போன மாதம் முதல் தடவையாக ஆன்லைனில் ஒரு மொத்த வியாபாரியிடம் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 50 வாங்கினேன். முழுப் பணமும் முன்பே கட்டியாகிவிட்டது.

பெட்டியைப் பிரித்ததும் மனசு கேட்கவில்லை. கையில் எடுத்தாலே எடை குறைவு. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை இருக்கிறது, ஆனால் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இல்லை. சோதித்துப் பார்க்க இரண்டைச் சார்ஜில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்றின் ஓரம் உப்பி, மூடி விலகிவிட்டது. தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பொருள் இது, இதை எப்படி விற்பேன்?

பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். ஆனால் விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்கள் வரும் என் ஜிஎஸ்டி 2பி பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை. சரக்கைத் திருப்பி எடுக்கச் சொன்னால் "ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்கு என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார் ஆடிட்டர்.

இப்படி மாட்டிக்கொண்டு பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அசைவார்களா? அப்புறம், உப்பிய பேட்டரியைத் திண்டுக்கல் பக்கம் எங்கே ஒப்படைக்கலாம்? கடைக்கு வெளியே மணல் வாளியில் போட்டு வைத்திருக்கிறேன்.