நல்ல ஹோஸ்பிஸ் எது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கெப்போங் மருமகள்

வணக்கம். மாமியாருக்குக் குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனிமேல் கீமோ வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இப்படிக் குணப்படுத்த முடியாத நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள ஹோஸ்பிஸ் என்று ஒன்று இருப்பதே வீட்டில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்போது கையில் சில இடங்களின் பெயர்கள் இருக்கின்றன. எல்லாருடைய விளம்பரத்திலும் அன்பு, கருணை, கண்ணியம் என்றே போட்டிருக்கிறது. அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லை. பெற்றவர்களை இப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். மோசமான இடத்தின் பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்பது தெரிந்தால் போதும்.

செந்தூல் அக்கா

தங்கச்சி, எங்கள் அம்மாவுக்காக நானும் அலைந்திருக்கிறேன். முதலில் பார்க்கப் போனது ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கும் பங்களா. வாசல் போர்டில் ஹோஸ்பிஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே நல்ல சுத்தம், ஏர்கோன், கட்டிலுக்குக் கட்டில் திரை. நடத்துகிற அம்மாளிடம், "வலி அதிகமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பனடோல் கொடுப்போம், அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு எமர்ஜென்சிக்கு அனுப்பிவிடுவோம்" என்றார். அதற்கு மேல் அங்கே உட்கார எனக்கு மனம் வரவில்லை. எமர்ஜென்சி நடையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்து தவிக்கக் கூடாது என்றுதானே இப்படி ஓர் இடத்தையே தேடுகிறோம்?

வெளியே வரும்போது சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் படித்தேன். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகா கொடுத்தது. வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பார்த்துக்கொள்வதற்கான அனுமதி அது. தனியார் ஹோஸ்பிஸ் நடத்த வேண்டுமானால் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். முதல் வகை இடங்களிலும் பாசமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்து தேவைப்படும் நோயாளிக்குப் பாசம் மட்டும் போதாது. போர்டை விட்டுவிட்டு உரிமத்தைப் பாருங்கள்.

கடைசியில் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் வந்த மிஸ்ஸி (தாதி) சீனப் பெண். நான் ஃபைலை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவிடமே பேச ஆரம்பித்தாள். அம்மாவுக்குத் தெரிந்த மலாயில், மெதுவாக. எங்கே வலி, எப்போது கூடுகிறது, ராத்திரி வலியில் விழிப்பு வருகிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு. எங்கள் அம்மா யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். "இல்லை, பரவாயில்லை" என்றார். அந்த மிஸ்ஸி அதோடு விடவில்லை. அம்மாவை ஒருக்களித்துத் திரும்பச் சொன்னாள். திரும்பும்போது புருவம் சுருங்கியதைப் பார்த்து, "இப்போது வலித்ததே" என்றாள். பிறகு சின்ன டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா கஞ்சியைக்கூட ஒதுக்கியதற்கு அதுதான் காரணம். பசியே போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குச் சொட்டு மருந்து கொடுத்த பிறகு கொஞ்ச நாளில் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எந்த டாக்டரும் கேட்காத கேள்வி ஒன்றையும் கேட்டாள்: "தினமும் எதைச் செய்ய முடிந்தால் உங்களுக்குச் சந்தோஷம்?" காலையில் சாமி மேடையில் என் கையாலேயே விளக்கேற்ற வேண்டும் என்றார் அம்மா. அதற்கு ஏற்றபடி மருந்து நேரத்தை மாற்றி அமைத்தார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படித் தூக்கி உட்காரவைப்பது என்று எனக்கும் தம்பிக்கும் செய்து காட்டினார்கள். கை நடுங்கி, தீக்குச்சி வீணாகிப் போனாலும், ரொம்ப நாள் அம்மாதான் விளக்கேற்றினார். எந்த இடத்தையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுவேன். முதல் சந்திப்பில் நோயைப் பற்றி மட்டும் கேட்கிறார்களா, அந்த மனுஷியைப் பற்றியும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.

இன்னொன்று, ராத்திரி போன். சேர்வதற்கு முன்பே, "இரவில் கூப்பிட்டால் யார் எடுப்பார், அவர் கையில் அம்மாவின் விவரம் இருக்குமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா மருந்தை வாந்தி எடுத்த ஒரு ராத்திரி, நான் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கத்தில் இருந்தவர் என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று அவரே சொன்னார். பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

கெப்போங் மருமகள்

ரொம்ப நன்றி அக்கா. மார்ஃபின் என்றதும் ஒரு சந்தேகம். என் கணவரின் அண்ணன், அதை ஆரம்பித்தால் சீக்கிரம் போய்விடுவார், மயக்கத்திலேயே வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். வீட்டில் இதனாலேயே பேச்சு நிற்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிரிக்ஃபீல்ட்ஸ்

இந்தப் பயம் இல்லாத வீட்டை நான் பார்த்ததே இல்லை, அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வலிக்குத் தக்க அளவில், குறைவாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. முதல் சில நாள் தூக்கம் தூக்கமாக வரும், பெரும்பாலானவர்களுக்குப் பிறகு தெளிந்துவிடும். பல நாளாகத் தூங்காதவர் வலி அடங்கியதும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவதும் உண்டு. வீட்டார் அதைப் பார்த்து மயக்கம் என்று பயப்படுவார்கள். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் பரிந்துரைத்த படிமுறையை வெளியிட்டது 1986இல். இது புதிதாக யாரோ சோதித்துப் பார்க்கும் மருந்து இல்லை.

ஹோஸ்பிஸ் நல்லதா என்று பார்க்கவும் இந்த மருந்தே உதவும். திரவ மார்ஃபின் சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வலிக்கும்போது மட்டும் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நடுவில் வலி முட்டிக்கொண்டு வந்தால் கொடுக்கக் கூடுதல் அளவு ஒன்றையும் எழுதித் தர வேண்டும். மார்ஃபின் மலத்தைக் கட்டும், அது நாளாக நாளாகப் பழகிப் போகிற பக்கவிளைவு இல்லை. அதனால் பேதி மருந்தையும் முதல் நாளே சேர்த்துக் கொடுப்பவர்கள் வேலை தெரிந்தவர்கள். ஃபென்டனில் என்ற வலி மருந்தைத் தோலில் ஒட்டும் ஒட்டாகப் போட்டால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அதன் மேல் சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். இதைச் சொல்லாமல் ஒட்டிவிட்டுப் போனால் நீங்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். விழுங்க முடியாத நிலை வந்தால், தோலுக்கடியில் ஊசி வைத்துச் சிறு பம்ப் மூலம் மருந்து செலுத்தும் வசதி உண்டா என்று இப்போதே கேளுங்கள். அந்த நேரத்தில் போய்த் தேட முடியாது.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்போடு முடிவதில்லை என்றார். பணக் கவலை, பிள்ளைகளைப் பற்றிய கவலை, கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்வி, எல்லாமே அதில் சேர்ந்தது என்பதுதான் அவர் பார்வை. டாக்டர், தாதி மட்டும் அல்லாமல் இந்தப் பக்கத்தையும் கவனிக்க ஆள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம், உங்கள் உரிமை அது.

பட்டர்வொர்த் மகன்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டு ஹோஸ்பிஸ் சேவை தொண்ணூறுகளிலிருந்தே உண்டு, தங்கிப் பார்க்கிற இடங்களும் உண்டு. அப்பாவுக்கு நுரையீரல். வீட்டில் ஆள் இல்லாததால் தங்கவைக்கிற இடம்தான் எங்களுக்குச் சரிப்பட்டது.

பார்க்கப் போகிறவர்கள் பகலில் மட்டும் போகாதீர்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். நான் ஒரு இடத்துக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். அத்தனை கட்டிலுக்கும் ஒரே ஒரு உதவியாளர், தாதி இல்லை. ஒரு பெரியவர் மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் போகவில்லை. அந்த இடத்தை அன்றோடு விட்டுவிட்டோம்.

நாங்கள் சேர்த்த இடம் கட்டடமாகப் பார்த்தால் சாதாரணம்தான். மூச்சுத் திணறல் வந்தபோது அங்கிருந்த தாதி முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, சின்ன ஃபேனை அப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். முகத்தில் காற்று பட்டாலே திணறல் உணர்வு குறையும் என்று எனக்கு விளக்கினார். அப்பாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நம் ஆட்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது. விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றினால் புரையேறும், தாதிகள் தடுப்பார்கள். சொந்தக்காரர்கள் அங்கேயே சண்டைக்கு நிற்பார்கள். நான் முன்கூட்டியே தலைமைத் தாதியிடம் சொன்னேன். அவர் மலாய்க்காரர், நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயை ஈரப்படுத்தும் பஞ்சுக் குச்சிகளை ஒரு கட்டு கொடுத்து, "இதில் பாலைத் தொட்டு உதட்டில் வையுங்கள், எல்லாரும் வைக்கலாம்" என்றார். பேரன் பேத்தி வரைக்கும் ஒவ்வொருவராக வைத்தார்கள். அத்தை அதற்காகவே அந்தத் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சம்பிரதாயத்தைச் சொல்லும்போது முகம் சுளிக்கிற இடமா, வழி கண்டுபிடிக்கிற இடமா என்பதை முதல் பேச்சிலேயே உணர்ந்துவிடலாம்.

செராஸ் தம்பி

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒரு சேவையை வைத்திருந்தோம். அப்பா விடியற்காலையில் மூச்சை விட்டபோது அவர்கள் கொடுத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. பதற்றத்தில் 999க்கு அடித்தோம். வந்தவர்கள் அவர்கள் கடமைப்படி நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் இறந்தால் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்கத்துக்கான அனுமதி வாங்க வேண்டும். நோய் என்ன, எந்த டாக்டர் பார்த்தார் என்று எழுதிய கடிதம் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால் சேரும்போதே கேளுங்கள்: உயிர் போகிற நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, நீங்கள் வருவீர்களா, கடிதத்தை எப்போது கொடுப்பீர்கள்? இதைக் கேட்பது அபசகுனம் என்று வீட்டில் சொல்வார்கள், பரவாயில்லை, கேளுங்கள். நல்ல இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே இந்தப் பேச்சை எடுப்பார்கள் என்று இப்போது தெரிகிறது.

செந்தூல் அக்கா

தம்பி, படிக்கவே மனசு தாங்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த குழு அந்தக் கடிதத்தை முன்கூட்டியே கவரில் போட்டுக் கொடுத்திருந்தது. அம்மா போன பிறகு மிச்சம் இருந்த மார்ஃபினைக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து, வீட்டில் கிடக்கவிடக் கூடாது. கருமக்கிரியை எல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று இருந்தபோது அதே மிஸ்ஸி போன் செய்து, நான் தூங்குகிறேனா, சாப்பிடுகிறேனா என்று கேட்டாள்.

செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே. காசு அதிகம் வாங்கினால் நல்லது, இலவசம் என்றால் ஏனோதானோ என்று நினைக்க வேண்டாம். செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை, நன்கொடையில் நடக்கிறது. செலாயாங் மருத்துவமனையில் வலிதணிப்புப் பராமரிப்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காசு கேட்கிற இடமானால் மட்டும், மாத்திரை, டயாப்பர், ஆக்சிஜன், இரவு விசிட் எல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா, தனிக் கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கெப்போங் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. கணவரின் அண்ணனுக்கு மிஸ்ஸி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். டாக்டரிடம் தானே கேட்க வேண்டும் என்கிறார், நாளை கிளினிக்கிற்குக் கூடவே வருகிறார். அங்கே என்ன கேட்டு வாங்க வேண்டும்? இன்னொன்று, மாமியார் எங்கள் முன்னால் எதையும் வாய்திறந்து சொல்வதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரைத் தனியாகப் பேசவிடலாமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிரிக்ஃபீல்ட்ஸ்

கட்டாயம் விடுங்கள். நல்ல தாதியாக இருந்தால், "கொஞ்சம் தண்ணீர் கொண்டு வருகிறீர்களா" என்று அவரே உங்களை எழுப்பிவிட்டு மாமியாரோடு பேசுவார். பிறகு சமையலறையில் உங்களிடமும் தனியாகப் பேசுவார், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று. இரண்டும் நடக்கிறதா என்று பாருங்கள்.

கிளினிக்கில் ஹோஸ்பிஸுக்கான பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், அது இல்லாமல் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியாக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், ரத்தப் பரிசோதனை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் இவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் பட்டியலில் எழுதுங்கள். அண்ணன் டாக்டரிடம் மார்ஃபினைப் பற்றிக் கேட்கட்டும், மாமியாரின் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்துத்தான் அமையும். கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே போன் செய்துவிடுங்கள், வலி முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.