ஆன்டி-சீட் என்னை உள்ளே விடவில்லை, ஹேக் போடுபவன் மட்டும் ஆடுகிறான்: உதவி தேவை

நிழல்நடை:

வணக்கம் நண்பர்களே. நான் வழக்கமாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமுக்குப் போன வாரம் பெரிய அப்டேட் வந்தது. அதிலிருந்து திறந்த உடனே அதன் ஆன்டி-சீட் (ஹேக் போடுபவர்களைத் தடுக்கும் மென்பொருள்) "செக்யூர் பூட் இயங்கவில்லை" என்று ஒரு பெட்டியைக் காட்டுகிறது, கேம் மூடிக்கொள்கிறது. அதற்கு முந்தைய நாள் ஒரு ரேங்க் மேட்சில் நான் ஸ்மோக்குக்குள் (புகைக்குண்டின் புகை) சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் மூலை திரும்பி வந்து ஒரே குண்டில் தலையில் அடித்தான். அடுத்த ரவுண்டில் வேறு இடத்தில் உட்கார்ந்தேன், அங்கேயும் அதே கதை. அவன் இன்றைக்கும் லீடர்போர்டில் இருக்கிறான். வெளியே நிற்பது நான்தான்.

என்னுடையது விண்டோஸ் 10, பல வருடங்களுக்கு முன் போட்டது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு "லெகசி" என்றும் செக்யூர் பூட் "அன்சப்போர்ட்டட்" என்றும் காட்டுகிறது. மதர்போர்டு அவ்வளவு பழையதில்லை.

ஃபைல்கள் எதுவும் போகாமல் இதை எப்படி இயக்குவது? அப்புறம், இவ்வளவு பாடுபட்டு விண்டோஸின் மையமான கர்னலில் ஓடும் ஓர் ஆன்டி-சீட் டிரைவரை உள்ளே விட்டால் ஹேக் நிஜமாகவே குறையுமா, இல்லை சும்மா கண்துடைப்பா?

பூட்லோடர்:

இரண்டாவது கேள்விக்கு அடித்துக்கொள்ள ஆட்கள் வருவார்கள். நான் முதல் கேள்வியை மட்டும் பார்க்கிறேன்.

நேராக பயாஸுக்குள் (கணினி கிளம்பும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) போய் எதையும் மாற்றிவிடாதீர்கள். "லெகசி" என்று வருகிறதென்றால் உங்கள் டிஸ்க் அநேகமாக எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. செக்யூர் பூட் என்பது கணினி கிளம்பும்போது டிஜிட்டல் கையெழுத்தான மென்பொருளை மட்டும் ஓட விடும் வசதி. அதற்கு பயாஸின் புது வடிவமான யூஇஎஃப்ஐ வேண்டும், யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் பூட் ஆக டிஸ்க் ஜிபிடி என்ற புது முறையில் இருக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றாமல் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய லெகசி முறையில் கிளம்ப விடும் வசதி) அணைத்தால் விண்டோஸ் கிளம்பாது. ஃபைல்கள் அழிந்திருக்காது, ஆனால் பார்க்கிறவருக்கு அழிந்த மாதிரிதான் தெரியும். பதறிப்போய் ஃபார்மட் அடிப்பவர்கள் அங்கேதான் அடிக்கிறார்கள்.

முதலில் முக்கியமானதை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீயை இந்தக் கணினிக்கு வெளியே எங்காவது குறித்து வையுங்கள். விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் வேலிடேட் மட்டும் ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்லும். தேறினால் மட்டும் கன்வர்ட். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் இரண்டு முறையும் "அலோஃபுல்ஓஎஸ்" என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும்.

அது முடிந்த பிறகுதான் பயாஸ். சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு ரொம்பப் பழையதாக இருந்தால் சிஎஸ்எம் இல்லாமல் திரையே வராது, அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப்பூட்டு:

கண்துடைப்பா என்று கேட்டீர்கள். ஆமாம் என்பது என் பதில். பூட்டு நல்லவனுக்குத்தான் என்பார்கள், இந்த டிரைவரும் அப்படித்தான். ஹேக் விற்பவன் புது வழி கண்டுபிடித்துவிடுவான், நீங்கள் பயாஸோடு மல்லுக்கட்டுவீர்கள்.

அதைவிட, எதை உள்ளே விடுகிறோம் என்று பாருங்கள். 2016 இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 க்கு கேப்காம் ஒரு டிரைவர் அனுப்பியது. கணினியில் இருக்கும் எந்த புரோகிராமும் அதன் வழியாக கர்னலில் தன் நிரலை ஓட்டலாம் என்று தெரியவந்து, அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். கென்ஷின் இம்பாக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரை 2022 இல் ஒரு ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள்) எடுத்து, ஆன்டிவைரஸை அணைக்கப் பயன்படுத்தியது. பாதிக்கப்பட்டவர் அந்த கேமை நிறுவியே இருக்க வேண்டியதில்லை, டிரைவர் ஃபைலைக் கும்பலே கொண்டுவந்து போட்டது. 2013 இல் ஈஎஸ்ஈஏ என்ற போட்டித் தளத்தின் ஆன்டி-சீட் கிளையண்டில் ஊழியர் ஒருவர் பிட்காயின் தோண்டும் நிரலைச் சேர்த்துவிட்டார், ஆடியவர்களின் கிராஃபிக்ஸ் கார்டுகள் அவருக்காக உழைத்தன. ஒரு கேமுக்காக இதெல்லாம் தேவையா?

ரிடயர்டு அட்மின்:

இரட்டைப்பூட்டு சொன்ன மூன்றும் நடந்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை டிரைவரின் ஆபத்தைப் பற்றியவை. தம்பி கேட்டது அது வேலை செய்கிறதா என்று. இரண்டையும் குழப்பக் கூடாது.

நான் சர்வர் நடத்திய காலத்தில் ஆன்டி-சீட் என்றால் பங்க்பஸ்டரும் வால்வ் நிறுவனத்தின் வேக்கும்தான். வேக் 2002 இல் வந்தது, சாதாரண புரோகிராம்கள் ஓடும் அடுக்கிலேயே ஓடியது. ஏற்கெனவே தெரிந்த ஹேக்கின் சுவடு மெமரியில் இருக்கிறதா என்று தேடும், கிடைத்தால் உடனே பேன் (தடை) செய்யாமல் கொஞ்ச நாள் விட்டு மொத்தமாக அடிக்கும். எந்த ஹேக்கை எப்போது கண்டுபிடித்தார்கள் என்று விற்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்தத் தாமதம். உங்களைச் சுட்டவன் இன்னும் ஆடுவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

பிறகு ஹேக் எழுதுபவர்கள் கர்னலுக்குள் இறங்கினார்கள். ஓட்டை உள்ள, ஆனால் முறையாக டிஜிட்டல் கையெழுத்தான ஏதாவது பழைய டிரைவரை ஏற்றி அதன் வழியாக நுழைவது அவர்கள் வழி. மேலே இருக்கும் ஆன்டி-சீட்டுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் எதையும் மறைக்கலாம். அதனால் ஆன்டி-சீட்டும் கீழே இறங்கியது. 2020 இல் வேலரண்டோடு வந்த வான்கார்டு என்ற ஆன்டி-சீட், விண்டோஸ் கிளம்பும்போதே ஏறிக்கொள்வது இதற்காகத்தான், தனக்கு முன்னால் யாரும் ஏறிவிடக் கூடாது. உடனே ஹேக் எழுதுபவர்கள் விண்டோஸுக்கும் முன்னால் ஏறப் பார்த்தார்கள். அந்த வழியை அடைக்க வந்ததுதான் உங்கள் திரையில் வந்த செக்யூர் பூட் பெட்டி. பேட்டில்ஃபீல்டு 6 கூட 2025 இல் அதைக் கட்டாயமாக்கியது. டிபிஎம் சிப்பையும் சில கேம்கள் கேட்கின்றன. பேன் ஆனவன் அதே கணினியில் புது அக்கவுண்டோடு வந்தால் அடையாளம் காண அது உதவும்.

இதெல்லாம் போட்டும் ஹேக் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் இப்போது மிஞ்சியிருப்பது எப்படிப்பட்டது என்று பாருங்கள். டிஎம்ஏ கார்டு என்று ஒன்று உண்டு. பிசிஐஇ ஸ்லாட்டில் செருகினால் சிபியுவைக் கேட்காமலே ராமைப் படிக்கும். ஹேக் ஓடுவது பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கணினியில், கேம் ஓடும் கணினியில் அதன் புரோகிராமே இருக்காது. அந்த டிஎம்ஏ கார்டு, நெட்வொர்க் கார்டு போலவோ வேறொரு சாதனம் போலவோ வேஷம் போடும். அதைத் தடுக்க ஐஓஎம்எம்யு என்ற வசதி இருக்கிறது, எந்தச் சாதனம் ராமில் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று அது கட்டுப்படுத்தும். 2025 டிசம்பரில் வேலரண்டை உருவாக்கிய ரயட் ஒரு விஷயத்தை வெளியே சொன்னது: சில மதர்போர்டுகளில் பயாஸ் அதை "இயங்குகிறது" என்று காட்டினாலும், பூட் ஆகும் ஆரம்பக் கட்டத்தில் அது ஒழுங்காக இயங்கவில்லை. ஏசூஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கு நிறுவனங்களும் ஃபர்ம்வேர் திருத்தம் விட்டன.

இரண்டு கணினி, தனி கார்டு, அதற்கென்று மாற்றிய ஃபர்ம்வேர் என்று செலவு செய்ய எல்லோராலும் முடியாது. ஒரு ஃபைலை இறக்கி இரட்டை க்ளிக் செய்தால் எய்ம்பாட் (தானாகக் குறிவைக்கும் ஹேக்) வந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. ஆன்டி-சீட் வேலை செய்கிறதா என்பதை நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன்: ஹேக் போட எவ்வளவு செலவாகிறது, போட்டவன் எத்தனை மேட்ச் தாங்குகிறான். ஒருத்தன்கூட இருக்கக் கூடாது என்று பார்த்தால் எந்தக் காலத்திலும் எதுவும் தேறாது.

இரட்டைப்பூட்டு:

கேம் இலவசம், புது அக்கவுண்டும் இலவசம். எத்தனை மேட்ச் தாங்கினால் அவனுக்கு என்ன?

ரிடயர்டு அட்மின்:

அது நியாயமான கேள்வி, டிரைவரால் மட்டும் தீராத இடமும் அதுதான். அதனால்தான் பல கேம்கள் ரேங்க் ஆட ஃபோன் எண்ணைக் கேட்கின்றன, குறிப்பிட்ட லெவல் வரை ஆடச் சொல்கின்றன.

இன்னொன்று சர்வர் பக்கம். உங்கள் கணினிக்கு எதிரி நிற்கும் இடமே அனுப்பப்படவில்லை என்றால், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக் எதைக் காட்டும்? வேலரண்டில் எதிரி கண்ணில் படப்போகும் சமயத்தில்தான் சர்வர் இடத்தைச் சொல்கிறது. முழுக்க அடைக்க முடியாது, நெட்வொர்க் தாமதத்துக்காகக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும், அந்தச் சிறு இடைவெளியில் வால்ஹேக் வேலை செய்யும். கால் ஆஃப் டூட்டியின் ஆன்டி-சீட்டான ரிக்கோஷே போகும் வழி வேறு. ஹேக் போட்டவன் என்று தெரிந்தால் அவன் குண்டுக்கு வலு இல்லாமல் செய்துவிடும், எதிராளிகளை அவன் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிடும். பேன் செய்வதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ரேம்பசி:

இடையில் ஒரு சந்தேகம். தப்பே செய்யாதவன் பேன் ஆவதில்லையா?

ரிடயர்டு அட்மின்:

ஆவான். 2010 இல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை வேக் தவறாக பேன் செய்தது. வால்வ் மன்னிப்புக் கேட்டு, பேனை நீக்கி, லெஃப்ட் 4 டெட் 2 வை இலவசமாகக் கொடுத்தது. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியைக் கொடுத்தபோது, அது கேமின் நிரலுக்குள் கை வைத்ததால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடியவர்கள் பேன் ஆனார்கள். ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது, பேன்களும் நீங்கின. மொத்தமாகப் பலர் மாட்டினால் சீக்கிரம் சரியாகும். தனி ஆளாக மாட்டினால் அப்பீல் டிக்கெட்டோடு அலைய வேண்டியதுதான், அந்தப் பக்கம் எந்த நிறுவனமும் பாராட்டும்படி இல்லை.

நிழல்நடை:

பூட்லோடர் சொன்னபடி பேக்கப் எடுத்துவிட்டு வேலிடேட் ஓட்டினேன். டிஸ்க் லேஅவுட் தேறவில்லை என்று நின்றுவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்டில் நான்கு பார்ட்டிஷன் தெரிகிறது. கடைசியில் உள்ளது காலி, முன்பு எதற்கோ பிரித்தது.

பூட்லோடர்:

அதுதான் காரணம். எம்பிஆரில் அதிகபட்சம் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்க முடியும், இந்தக் கருவியோ மூன்றுக்கு மேல் இருந்தால் ஏற்காது. யூஇஎஃப்ஐக்கு என்று ஒரு பார்ட்டிஷன் அதுவாக உருவாக்க வேண்டியிருக்கிறது. அந்த நான்காவதற்கு டிரைவ் எழுத்து கொடுத்துத் திறந்து, நிஜமாகவே காலிதானா என்று ஒருமுறை பாருங்கள். காலி என்றால் நீக்கிவிட்டு மறுபடி வேலிடேட். ரெக்கவரி என்று பெயர் உள்ளதையும் "சிஸ்டம் ரிசர்வ்டு" என்பதையும் தொடாதீர்கள்.

லினக்ஸ்_மட்டும்:

சம்பந்தம் இல்லாமல் வருகிறேன். இவ்வளவு கூத்தையும் பார்க்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்டும் புரோட்டானில் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஓடும், கேம் நிறுவனம் அனுமதித்தால். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இல் அந்த அனுமதியையே எடுத்துவிட்டது, ஹேக் போடுபவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

நிழல்நடை:

கன்வர்ட் ஆகிவிட்டது, பயாஸும் முடிந்தது. முதலில் செக்யூர் பூட் "இயக்கப்பட்டது, ஆனால் செயலில் இல்லை" என்று காட்டியது. அதே பக்கத்தில் தொழிற்சாலைக் கீகளை ஏற்றும் தேர்வு இருந்தது, ஏற்றியதும் சரியானது. கேம் திறக்கிறது. பூட்லோடருக்குப் பெரிய நன்றி.

புதுப் பிரச்சினை: என் விசிறி வேகத்தை மாற்றும் மென்பொருள் இப்போது வெப்பத்தையே காட்டவில்லை, எண் வர வேண்டிய எல்லா இடத்திலும் வெறும் கோடு (-) மட்டும் இருக்கிறது.

அப்புறம் அந்த ஸ்மோக் மேட்ச்சின் ரீப்ளே இருக்கிறது. பார்த்தேன், எனக்கு இன்னும் அவன் ஹேக் போட்டவன் மாதிரிதான் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது அட்மின் அண்ணா?

ரிடயர்டு அட்மின்:

உங்களைக் கொன்ற காட்சியை விட்டுவிடுங்கள் தம்பி. கொலைக்காட்சியில் தெரிவது சர்வர் கணக்கிட்டு மறுபடி வரைந்தது, அவன் திரையில் தெரிந்ததே அப்படியே இருக்காது. தவிர ஸ்மோக்கில் உட்காரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, அனுபவம் உள்ளவன் குருட்டாம்போக்கில் சுட்டுப் பார்ப்பான்.

அவன் பக்கம் போய், யாரையும் சுடாத நேரங்களைப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஒருத்தர் ஓடாமல், சத்தமில்லாமல் நடந்து போகும்போது அவன் குறி என்ன செய்கிறது? சும்மா மூலையில் நிற்கிறதா, இல்லை நடப்பவரோடு சேர்ந்தே நகர்கிறதா? அவர் நின்றால் குறியும் நிற்கிறதா? யாரும் இல்லாத பக்கத்தைப் பார்க்காமலே கடக்கிறானா? இப்படி வேறு வேறு ரவுண்டில் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படலாம். ஒரே ஒரு தடவை என்றால் விட்டுவிடுங்கள்.

பூட்லோடர்:

விசிறி விஷயம்: அந்த மாதிரி மென்பொருள்கள் பலவும் வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை வைத்துத்தான் சென்சாரைப் படிக்கின்றன. அதில் தெரிந்த ஓட்டை உண்டு, ஹேக் எழுதுபவர்கள் தேடும் ரகம்தான் அது. ஆன்டி-சீட் தடுத்திருக்கலாம், 2025 இல் விண்டோஸ் டிஃபெண்டரும் அதைப் பிடிக்க ஆரம்பித்தது. மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விசிறி வேகத்தை பயாஸிலேயே வைத்துவிடுங்கள். டிரைவரை அனுமதிக்கிறேன் என்று டிஃபெண்டரில் விலக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

இரட்டைப்பூட்டு:

ஆக, கேமின் டிரைவரை நம்ப வேண்டும், விசிறியின் டிரைவரை நம்பக் கூடாது. நல்ல கூத்து.

பூட்லோடர்:

ஓட்டை இருப்பது தெரிந்த பிறகும் திருத்தாத டிரைவரை நம்பக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் மூன்று உதாரணங்களும் அதைத்தானே சொல்கின்றன. வங்கி வேலை, அலுவலக வேலை எல்லாம் இதே கணினியில் என்றால், கேமுக்குத் தனிக் கணினி வைத்துக்கொள்வதோ அந்த கேமை விடுவதோ தவறில்லை. அது அவரவர் முடிவு.

நிழல்நடை:

விசிறியை பயாஸில் வைத்துவிட்டேன், சத்தம் முன்பைவிடக் குறைவு. ரீப்ளேயில் அண்ணன் சொன்ன மாதிரி பார்த்தேன். என்னைக் கொன்ற இரண்டு ரவுண்டும் சாதாரணமாகவே தெரிகின்றன. ஆனால் வேறு ரவுண்டுகளில் என் அணிக்காரர் கிடங்குச் சுவருக்குப் பின்னால் மெதுவாக நடக்க, அவன் குறி அவர் தலை உயரத்திலேயே கூடப் போகிறது, அவர் குனிந்தபோது அதுவும் இறங்கியது. நேரத்தைக் குறித்து ரிப்போர்ட் அடித்திருக்கிறேன்.

ரிடயர்டு அட்மின்:

குனியும்போது இறங்கியது நல்ல ஆதாரம். வீடியோவாகவும் பதிவு செய்துகொள்ளுங்கள், அடுத்த அப்டேட் வந்தால் பழைய ரீப்ளே ஃபைல் திறக்காமல் போகலாம். நாளைக்கே பேன் ஆகிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஃப்ரேம்பசி:

நானும் இதே வேலையைச் செய்யப்போகிறேன். பயாஸ் அப்டேட் போட்டால் செக்யூர் பூட் மறுபடி அணைந்துவிடுமா?

பூட்லோடர்:

சில போர்டுகளில் எல்லா அமைப்பும் பழையபடி மாறிவிடும், சிஎஸ்எம் உட்பட. அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை நிறுத்திவிட்டு, முடிந்ததும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஐஓஎம்எம்யு திருத்தம் உங்கள் போர்டுக்கு வந்திருந்தால் அதையும் கையோடு இயக்கிவிடுங்கள்.