மறு: ‘சோதனைத் தடை’ போதுமா?

> ஃபார்முலா 1 அணிகள் பந்தயம் இல்லாத நாளில் காரை இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்கக் கூடாது என்கிற விதிக்கு ‘சோதனைத் தடை’ என்றே வைத்துவிடலாமே?

அண்ணாச்சி,

எனக்கு ஒப்பவில்லை. கேரள எல்லையில், களியக்காவிளைச் சாவடியில் நின்று ‘சோதனை’ என்றால் வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறப்பதுதான் யாருக்கும் நினைவு வரும். அதுகூடப் போகட்டும், ‘தடை’தான் பிழை.

2008இல் ஓர் அணி ஆண்டுக்கு 30,000 கி.மீ. வரை ஓட்டிப் பார்க்கலாம். 2009இல் செலவைக் குறைப்பதற்காக, பருவம் தொடங்கிய பிறகு ஓட்டிப் பார்ப்பதை ஏறத்தாழ நிறுத்திவிட்டார்கள். ஃபெராரிக்கு ஃபியோரானோவில் சொந்தத் தடமே உண்டு. இருந்தும் நினைத்த நேரத்தில் புதுக் காரை இறக்க முடியாது. ஆனால் கதவை முழுசாக அடைக்கவில்லை. 2023 முதல் 2025 வரை பருவத்துக்கு முன் பஹ்ரைனில் 3 நாள் கிடைத்தது. பழைய காரை ஓட்டலாம். அதற்கும் 2025 முதல் பந்தய ஓட்டுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 4 நாள், 1,000 கி.மீ. என்று கணக்கு. நாளையும் தூரத்தையும் அளந்து கொடுப்பது தடையா? அப்படியானால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை முறைவைத்து விடுவதும் தடைதான். ‘வரம்பு’ என்போம்.

‘வெள்ளோட்டம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம், அதோடு சரி. பந்தயத்திலும் புதுக் காரை முதன்முதலாக இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். வெள்ளோட்டத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம். பந்தய வாரத்தில் நடப்பது பயிற்சி ஓட்டம், அது வேறு.

நான் சொல்வது ‘தடச்சோதனை வரம்பு’.

—

தம்பி,

‘வரம்பு’ சரி. ‘தடச்சோதனை’யை அவசரத்தில் தட்டினால் ‘தடைச்சோதனை’ ஆகிவிடும், எந்தச் சொல்லை ஒழிக்கப் பார்த்தாயோ அதுவே திரும்பி வந்து உட்காரும். ‘ஓட்டச்சோதனை’ என்று வை. பத்திரிகைக்காரர்கள் ரயிலுக்கு எழுதும் ‘சோதனை ஓட்டம்’ ஓட்டத்தைச் சொல்கிறது. ‘ஓட்டச்சோதனை’ சோதனையைச் சொல்கிறது, வழக்கு வருவதும் அதில்தான். 2013இல் மெர்சிடஸ் பார்சிலோனாவில் அந்த ஆண்டுக் காரையே வைத்து பிரெல்லி டயர்களை 1,000 கி.மீ. ஓட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டதே. கார் ஓடியதை யாரும் மறுக்கவில்லை, அதைச் சோதனைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில்தான் சண்டை. கடைசியில் கண்டனமும், இளம் ஓட்டுநர் சோதனைக்கு வராதே என்ற உத்தரவும்.

ஒரு சங்கடம்: காவலர் தேர்வில் 1,500 மீட்டர் ஓடவிடுவார்களே, அது என்று நினைத்துவிடப் போகிறார்கள். முதல் தடவை ‘கார் ஓட்டச்சோதனை வரம்பு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் காரை விட்டுவிடு.

காருக்குக் காற்றை அடித்துப் பார்க்கும் கூடத்துக்கும் இதே மாதிரி வரம்பு உண்டு. அதற்குப் பெயர் வைக்க காற்றாலை ஊரான ஆரல்வாய்மொழிக்காரர் யாராவது தனி மடல் தொடங்குங்கள்.