வாசிப்புப் பயிற்சிக்குக் கிடைத்த நிதியை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வாசிப்பில் பின்தங்கியுள்ள 7 முதல் 9 வயது வரையிலான 36 குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் பயிற்சியளிக்க, எங்கள் சிறு குழுவுக்கு ஓர் அறக்கட்டளை ஓராண்டு நிதியுதவி தர முன்வந்துள்ளது. மூன்று குழந்தைகள் கொண்ட குழுவுக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு அரை மணி நேரம் என 30 வாரங்களுக்குத் திட்டமிட்டிருக்கிறோம், பயிற்றுநர்கள் நால்வர். வரைவில் நூல்களுக்கும் கையடக்கக் கணினிகளுக்கும் 40 விழுக்காடு, மதிப்பூதியத்துக்கு 35, பயிற்றுநர்களைத் தயார்செய்ய 15, நிர்வாகத்துக்கு 10 என ஒதுக்கியுள்ளோம். நிர்வாகச் செலவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிதி வழங்குவோரின் நிபந்தனை. பொருள்களுக்கு இவ்வளவு கொடுத்தால் ஆண்டு முடிவதற்குள் சொல்லித்தர ஆளே இருக்காது என்று எங்கள் பொருளாளர் எதிர்க்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில் 1

உங்கள் பொருளாளர் பக்கம்தான் நான். விழுக்காட்டிலிருந்து தொடங்கியதே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்; முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள். 36 குழந்தைகள் என்றால் 12 குழுக்கள். வாரம் மூன்று முறை வீதம் 30 வாரங்களுக்கு 1,080 அமர்வுகள்; அரை மணி நேரமாகப் பார்த்தால் 540 மணி நேரம். பெரும்பாலோர் இந்த எண்ணோடு நிறுத்திவிட்டு அதை ஊதிய வீதத்தால் பெருக்கிவிடுகிறார்கள். ஆனால் அடுத்த நாள் எந்தப் பக்கத்தை எடுப்பது என்று பார்த்துவைப்பதும், எந்தக் குழந்தை எந்த எழுத்தில் தடுமாறியது என்று குறிப்பேட்டில் எழுதுவதும், தாமதமாக வரும் பெற்றோருக்காகக் காத்திருப்பதும் வேலைதானே? அமர்வுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் 270 மணி நேரம் கூடி, மொத்தம் 810 ஆகிவிடும். 540 மணி நேரத்துக்கு மட்டும் பணம் வைத்துவிட்டு உழைத்த நேரம் முழுவதற்கும் ஊதியம் கொடுத்தால், 20-ஆம் வாரத்தோடு பணம் தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு ஊதியமே இல்லை என்று சொல்லிவிட்டாலோ, பயிற்றுநர்கள் நடுவழியில் விலகுவார்கள். புதியவருக்கு மீண்டும் தொடக்கப் பயிற்சி அளிக்க வேண்டும், குழந்தைகளும் புது முகத்துக்குப் பழக வேண்டும்.

குழுவில் ஒரு குழந்தை வராவிட்டாலும் அமர்வு நடக்கும், ஊதியமும் உண்டு என்பதால், வருகைக் குறைவைக் காட்டி இந்தத் தொகையைக் குறைக்க முடியாது.

பதில் 2

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். நூல்களைப் பற்றி மட்டும் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டில், தொடக்க மதிப்பீடு செய்வதற்கு முன்பே நூல்களுக்கான தொகை முழுவதையும் செலவழித்துவிட்டோம். வாங்கியவற்றில் பெரும்பகுதி வண்ணப் படங்களோடு கூடிய நீண்ட கதைகள். மதிப்பீடு செய்து பார்த்தால், வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலேயே நின்றிருந்தார்கள். ஆண்டு முடிவில், கற்ற எழுத்துகளை மட்டும் கொண்டு எழுதப்பட்ட எட்டுப் பக்கச் சிறுநூல்கள் முதுகு கிழிந்து, ஒட்டுநாடாவின்மேல் ஒட்டுநாடாவாகக் கிடந்தன. கதை நூல்களோ அடுக்கிய இடத்தில் அடுக்கியபடியே இருந்தன. ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் செலவழியுங்கள். மீதியை மதிப்பீட்டு முடிவுகளைப் பார்த்து, மூன்றாம் நான்காம் வாரத்தில் வாங்கலாம். மூன்று குழந்தைகள் ஒரே நூலைப் பார்த்து வாசிக்கத் தலைப்புக்கு மூன்று படிகளும் பயிற்றுநருக்கு ஒன்றும் தேவைப்படும் என்பதால், தலைப்புகளைக் குறைத்துப் படிகளைக் கூட்டுவதே நல்லது.

கையடக்கக் கணினிகளை நானாக இருந்தால் இந்த ஆண்டு நீக்கிவிடுவேன். குழந்தை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, பிழையை அப்போதே திருத்த அருகில் ஓர் ஆள் இருப்பதற்குத்தான் இந்தப் பணம்.

பதில் 3

ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பற்றி வரைவில் எதுவும் இல்லையே? நால்வரின் கால அட்டவணை, பெற்றோருடன் பேச்சு, மதிப்பீட்டு விவரங்களைத் தொகுப்பது ஆகியவற்றை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அவருடைய ஊதியத்தை முழுவதும் நிர்வாகத்தில் போட்டால் 10 விழுக்காடு போதாது. அமர்வுகளை நேரில் கவனித்துப் பயிற்றுநர்களுக்கு வழிகாட்டும் நேரம் திட்டச் செலவு. கணக்கு எழுதுவதும் தணிக்கைக் கட்டணமும் நிர்வாகச் செலவு. இந்தப் பிரிவினையை நிதி வழங்குவோர் ஏற்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செலவுத் தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தொகையை அனுமதியின்றி மாற்றலாம் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். செலவழித்த பிறகு கேட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி சொல்லக்கூடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பொருளாளரிடம் இன்று மாலையே பேசினேன். 810 மணி நேரத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். கணினிகளை நீக்கிவிட்டு, அந்தத் தொகையை மதிப்பூதியத்துக்கும் அரைநேர ஒருங்கிணைப்பாளருக்கும் பிரித்திருக்கிறோம். பயிற்றுநர்களில் ஒருவர் தமக்கு ஊதியமே வேண்டாம் என்கிறார். அவருடைய மணிகளைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடலாமா?

பதில் 3

விட்டுவிடாதீர்கள். அவருடைய மணிகளை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துடன் பதிந்து, உங்கள் குழுவின் பங்களிப்பாகத் தனி நிரலில் காட்டுங்கள். போக்குவரத்துச் செலவையாவது அவருக்குக் கொடுங்கள். அவர் இடையில் நிற்க நேர்ந்தால் பதிலாக வருபவருக்கு ஊதியம் தர வேண்டியிருக்கும், அந்தத் தொகையும் மதிப்பூதியத் தலைப்பில் இருக்கட்டும்.