தினமும் ராத்திரி குவார்ட்டர், காலைல வலி மாத்திரை. இது எவ்ளோ ஆபத்து? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பவானிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டற வேலை, வயசு 38. காலைல ஏழு மணிக்குப் போனா பொழுதுக்கும் முட்டி போட்டே வேலை, இடுப்பும் முட்டியும் விட்டுப் போகுதுங்கறார், அது பொய்யில்லீங்க, நானே பாத்துட்டுதான இருக்கேன், கட்டில்ல இருந்து எந்திரிக்கறதுக்கு சுவத்தைப் புடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறார். அந்த வலிக்குன்னு பொழுதோட ஒரு குவார்ட்டர், ஞாயித்துக்கிழமைன்னா அதுக்கு மேலயும் ஆகும். விடிஞ்சா தலைவலி, வேலைக்குப் போகணும், அதுக்கு மாத்திரை.

போன வாரம் துணி துவைக்கறப்ப சட்டைப் பையில வெள்ளையா மாவாட்டம் கரைஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு, என்னடான்னு பாத்தா மாத்திரை. மனசு கேக்காம வண்டி சீட்டைத் தூக்கிப் பாத்தேன், காலி அட்டை மட்டும் பதினொண்ணு. டோலோ 650, ஜெரோடால் பி, சினரெஸ்ட், அப்பறம் மெடிக்கல்ல குடுக்கற சின்னக் காகிதக் கவர்ல பேரே இல்லாம வெட்டிக் குடுத்த மாத்திரைங்க கொஞ்சம். எண்ணிப் பாத்தவரைக்கும் காலைல வெறும் வயித்துல டோலோ ரெண்டு, பத்து மணி டீக்கு ஜெரோடால் ஒண்ணு, மத்தியானம் இன்னொண்ணு. சளி புடிச்சுச்சுன்னா அது போக சினரெஸ்ட் ரெண்டு.

கேட்டா, "கொரோனா சமயத்துல ஊரே தின்ன மாத்திரைதான, யாருக்கு என்ன ஆச்சு? சரக்குக்கும் மாத்திரைக்கும் நடுவுல எட்டு மணி நேரம் விட்டுட்டுத்தான போடறேன், கூட கேஸ் மாத்திரையும் போட்டுக்கறேன்"ங்கறார். எனக்கு பதில் சொல்லத் தெரியல. இன்னொண்ணு, எங்க அத்தைக்கு பிபி இருக்கு, அவங்களும் முட்டி வலிக்குன்னு இவர் அட்டையில இருந்தே ஒண்ணு ரெண்டு எடுத்துப் போட்டுக்கறாங்க. மாத்திரையை ஒளிச்சு வெச்சுரலாமான்னு தோணுது. என்ன பண்றதுங்க?

மருந்துக்கடைத் தம்பி:

அக்கா, நான் மதுரைப் பக்கம் மெடிக்கல்ல பதினோரு வருசமா நிக்கிறேன், டி.ஃபார்ம் படிச்சவன், அதனால கடைக்குள்ள இருந்தே சொல்றேன். மொதல்ல அந்த அட்டைங்களைத் திருப்பிப் பின்னாடி படிங்க. டோலோன்னா பாராசிட்டமால் 650 மில்லிகிராம். ஜெரோடால் பில ஏசிக்ளோஃபெனாக் 100, அதோட பாராசிட்டமால் 325. சினரெஸ்ட்லயும் பாராசிட்டமால் 500 இருக்கு. பேரு மூணு, ஆனா உள்ள ஓடுறது ஒரே மருந்து. அவரு நாலு மாத்திரை போடுறதா நெனைக்கிறாரு, கணக்குப் போட்டா சாதா நாள்லயே பாராசிட்டமால் மட்டும் 1950 வருது, சளி புடிச்ச அன்னைக்கு 2950. குடிக்காத ஆளுக்கு ஒரு நாளைக்கு 4000 வரைக்கும் தாங்கும்னு சொல்லுவாங்க, தினம் குடிக்கிறவங்களுக்கு 2000த்தைத் தாண்டக் கூடாதுன்னுதான் டாக்டருங்க சொல்றது. அப்போ அவரு தினமும் வரப்பு ஓரத்துலயே நடந்துக்கிட்டு இருக்காரு, சளி வந்தா உள்ள விழுந்துடுறாரு.

குவார்ட்டரை லேசா எடுத்துக்காதீங்க. 180 மில்லில சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். அமெரிக்கால ஒரு ட்ரிங்குங்குறது 14 கிராம்தான், தினம் மூணு ட்ரிங்கு அதுக்கு மேல குடிக்கிறவங்க இந்த மாத்திரை போடுறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கணும்னு 1998லயே அட்டைப்பெட்டி மேல அச்சடிக்கச் சொல்லிட்டாங்க. ஒரு குவார்ட்டர் நாலு ட்ரிங்குக்கு மேலயே வரும்.

அந்தக் காகிதக் கவர் விஷயம், அதைத்தான் நான் ரொம்பப் பயந்து சொல்றேன். "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க"ன்னு கேப்பாங்க, டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை ஒண்ணு, கேஸ் மாத்திரை ஒண்ணு, கூடவே சின்னதா ஒரு மாத்திரை. அந்தச் சின்னது பல எடத்துல டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. போட்டா பறக்குற மாதிரி இருக்கும், அதனாலதான் மறுபடி அதே கடைக்கு வருவாங்க. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேந்தா வயித்துப் புண்ணு வர்றது பல மடங்கு கூடும், அது மேல சாராயமும் ஊத்துனா என்னாகும். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் எல்லாம் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாத மருந்து, ஆனா குடுக்குறோம், எங்க தொழில்ல இருக்குற பெரிய தப்பு இது, நான் மறைக்க மாட்டேன். பேரில்லாத மாத்திரை மட்டும் இனி வீட்டுக்குள்ள வரவே விடாதீங்கக்கா.

தேம்ஸ்கரை:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில ஆஸ்பத்திரியில நேர்ஸா வேலை செய்யிறன். எங்கட ஊரில பாராசிட்டமாலுக்குப் பேரே பனடோல்தான், தலையிடி, காய்ச்சல், உடம்பு அலுப்பு எண்டா கேட்டுக்கேள்வி இல்லாமப் போடுவினம், நானும் அப்பிடித்தான் வளந்தனான்.

அவர் சொல்லுற அந்த எட்டு மணித்தியாலக் கணக்கைப் பற்றித்தான் எழுத வந்தனான். பாராசிட்டமாலின்ர பெரும் பங்கை ஈரல் சுகமா வெளியேத்திப் போடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் நச்சுப் பொருளா மாறும், அதை ஈரலில இருக்கிற குளுட்டாதயோன் எண்டுற சாமான் பிடிச்சு அமத்திப் போடும். தினமும் குடிக்கிற ஆக்களுக்கு அந்த நச்சை உண்டாக்கிற என்சைம் கூடிப் போயிருக்கும், அமத்திற குளுட்டாதயோன் குறைஞ்சு போயிருக்கும். சாப்பிடாம விட்டா அது இன்னும் குறையும். இதில ஒரு சூட்சுமம் இருக்கு, மது உடம்பில இருக்கிற நேரம் அந்த என்சைம் மதுவோடயே மினக்கெட்டுக்கொண்டு இருக்கும். மது இறங்கின பிறகுதான் அதுக்குக் கை ஓயுது, மருந்தில பாயுது. அப்ப விடியக் காலமை வெறும் வயித்தோட, வெறி முறிஞ்ச தலையிடிக்கு ரெண்டு டோலோ போடுறது இருக்கே, அவர் பாதுகாப்பு எண்டு நினைக்கிற அந்த நேரந்தான் ஈரலுக்குக் கூடாத நேரம்.

கேஸ் மாத்திரை இரைப்பைக்குக் கொஞ்சம் உதவும். ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அதால ஒரு பிரயோசனமும் இல்லை.

கூடிப் போனாலும் முதல் நாள் ஒண்டுமே தெரியாது, அதுதான் இதில பெரிய ஆபத்து. கொஞ்சம் குமட்டும், சத்தி, அதான் வாந்தி, வரும், பிறகு சுகமானமாதிரி இருக்கும், ரெண்டாம் மூண்டாம் நாள்தான் வலது பக்க விலாவுக்குக் கீழ நோகும், கண் மஞ்சளாகும். என்-அசிட்டைல் சிஸ்டீன் எண்டு மாற்று மருந்து இருக்கு, எட்டு மணித்தியாலத்துக்குள்ள குடுத்தா அனேகமாக் காப்பாத்தலாம், பிந்தினாலும் குடுப்பினம். ஆனபடியால் கூடிப் போச்சு எண்டு சந்தேகம் வந்தா வருத்தம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காமல் ஓடவேணும். இஞ்ச 1998ல சட்டம் போட்டு, கடையில ஒரு பெட்டிக்கு 16, ஃபார்மசியில 32 எண்டு குறைச்சவை, அதுக்குப் பிறகு இதால சாகிற ஆக்கள் நல்லாக் குறைஞ்சவை.

ராஜபாட்டை:

சும்மா பயமுறுத்தாதீங்க. நானும் பத்து வருசமா வாரத்துல ரெண்டு நாள் சரக்கு, மறுநாள் ஒரு மாத்திரை, ஒண்ணும் ஆகல. இப்படி எல்லாம் பாத்தா எதையுமே சாப்பிட முடியாது.

தேம்ஸ்கரை:

தம்பி, இடைக்கிடை குடிச்சிட்டு அடுத்த நாள் சாப்பிட்டுப்போட்டு ஒரு குளிசை போடுற ஆளுக்கு ஈரல் பழுதாகும் எண்டு நான் சொல்லேல்ல, அனேகமா ஆகாது. தங்கச்சி எழுதினது வேற கதை. தினமும் குடி, தினமும் மருந்து, காலமைச் சாப்பாடு இல்லை, மூண்டு வகை அட்டை. நீங்கள் ரெண்டையும் ஒண்டாப் பாக்காதேங்கோ.

காவேரி அக்கா:

எங்க தம்பி கதைய சொல்றேன், இதைப் படிச்சதுல இருந்து கை ஓடல எனக்கு. லோடு வண்டி ஓட்டுவான், திருச்சி. டைக்ளோஃபெனாக் தினம் ரெண்டு, ராத்திரி தண்ணி. வயித்து வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அந்த மாத்திரையே வயித்து வலியையும் சேத்து அமுக்கிடும்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது. ஒரு வாரமா வெளிய போறது தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு போயிருக்கு, ஒரு மாதிரி நாத்தம் வேற, பீட்ரூட் சாப்பிட்டதுனு நெனச்சுக்கிட்டானாம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு, நாங்க வேலை ஜாஸ்தினு நெனச்சோம். ஒரு நாள் விடிகாலைல வாந்தி எடுத்தான், நான்தான் பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், காப்பித்தூள் கரைச்சு ஊத்தின மாதிரி இருந்துச்சு. அது ரத்தம்னே எனக்குத் தெரியல. ரத்தம்னா செவப்பாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன், வயித்து ஆசிட்ல ஊறினா அந்த நெறத்துலதான் வருமாம். மொதல்ல போன எடத்துல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் மயங்கி விழுந்து, 108ல ஏத்தி, எண்டாஸ்கோபி பண்ணி புண்ணை அடைச்சு, நாலு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. உசுரோட இருக்கான். பவானிக்கரை, அவரு கிட்ட வெளிய போறது கருப்பா இருக்கானு இன்னைக்கே கேளும்மா, கூச்சப்படாத. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பா போகும், அது போடாதவங்களுக்கு கருப்பா போச்சுன்னா ஒரு நாள் கூட தள்ளக் கூடாது.

மோயாறு:

அத்தைக்கு யாரும் பதில் சொல்லல போல, அதான் நான் எழுதறேன். நம்ம சத்தியமங்கலம், மோயாறு பக்கம் பாறுக் கழுகு இருக்குதுங்கல்ல, நாட்டுல அதுங்க கூட்டங்கூட்டமா செத்ததுக்கு காரணம் இந்த டைக்ளோஃபெனாக்தான். மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஊசி, மாடு செத்த பின்னாடி அந்தக் கறியைத் தின்ன கழுகுக்கு கிட்னி செயலிழந்து போச்சு. 2006ல மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை பண்ணாங்க. மனுசனுக்கு அந்த அளவு வேகமா ஆகாதுங்க, ஆனா அது கை வெக்கிற எடம் அதே கிட்னிதான். கிட்னிக்குப் போற ரத்தக்குழாயை விரிச்சு வெக்கிற பொருளைத்தான் டைக்ளோஃபெனாக், ஜெரோடால்ல இருக்கற ஏசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க நிறுத்துது. வெயில்ல வேர்த்து, தண்ணி குடிக்காம, சாராயத்தால உடம்பு வறண்டு போன ஆளுக்கு அது ரொம்ப ஆபத்து, உங்க வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். அத்தை போடற பிபி மாத்திரை டெல்மிசார்டன் மாதிரின்னா இன்னும் கவனம், ஒண்ணு பிபியே கொறையாது, ரெண்டு கிட்னிக்கு ரெண்டு பக்கமும் இடி. வீட்டுக்கு வந்து மாத்திரை குடுக்கறாங்கல்ல, அந்த நர்ஸ் அக்காகிட்ட இதைச் சொல்லி கிரியேட்டினின், அதாங்க கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற ரத்த டெஸ்ட், அதைப் பாக்கச் சொல்லுங்க. முட்டிக்கு தடவற ஜெல் தேவலாம், ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி.

பவானிக்கரை:

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. ராத்திரி அவரை உக்கார வெச்சு முழுசும் படிச்சுக் காட்டினேன். அந்த அக்கா தம்பி கதை வந்தப்ப ஒண்ணும் பேசல. கருப்பா எல்லாம் போகலையாம். இன்னைல இருந்து குடியே வேண்டாம், ஒரே அடியா நிறுத்திடறேன்னு சொல்லிட்டார். எனக்கு சந்தோசம் தாங்கல.

மூணு வருசம்:

அம்மா, சந்தோசம்தான், ஆனா நில்லுங்க. நான் குடிச்சவன், நிறுத்தி மூணு வருசம் ஆச்சு. வருசக்கணக்கா தினம் குடிச்ச உடம்பு டக்குனு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் வராது, வேர்த்துக் கொட்டும், சில பேருக்கு ரெண்டு நாள்ல ஃபிட்ஸ் வரும், இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். எனக்கு சுவத்துல பூச்சி ஊருச்சு. அதுல உசுரு போனவங்க இருக்காங்க. அதனால நாளைக்கே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, நடுக்கம் வராம இருக்க மாத்திரை குடுத்து படிப்படியா கொறைப்பாங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 14446க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது. அந்த நடுக்கத்தோட வர்ற தலைவலிக்கு மறுபடி அந்த அட்டையைத் தொட விடாதீங்க. மாத்திரையை ஒளிச்சு வெக்காதீங்க, நானா இருந்தா அடுத்த தெருவுல போய் வாங்கிருப்பேன்.

பவானிக்கரை:

போயிட்டு வந்தோம்ங்க, நாலு நாள் உள்ளயே வெச்சுப் பாத்தாங்க. லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 142, எஸ்ஜிபிடி 68, ரெண்டுமே அதிகந்தான், ஸ்கேன்ல கொழுப்பு படிஞ்சிருக்காம், கிரியேட்டினின் நல்லா இருக்கு. இப்ப நிறுத்தினா லிவர் திரும்பும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வலிக்கு வேணும்னா பாராசிட்டமால் 500, ஒரு நாளைக்கு மூணு தாண்டக் கூடாது, சாப்பிட்டுட்டுத்தான், அதுவும் தினமும் கூடாதாம். மத்ததெல்லாம் கட். அத்தைக்கும் ஜெல் எழுதிக் குடுத்துட்டாங்க. பிசியோ பண்ற தம்பி, முட்டிக்கு பேட் கட்டாம டைல்ஸ் வேலை பாக்கவே கூடாதுன்னார், பதினேழு வருசமா சாக்கைத்தான் மடிச்சுப் போட்டு உக்காந்தார் எங்க வீட்டுக்காரர். அந்த பேட் எங்க கெடைக்கும், எது வாங்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோயாறு:

டைல்ஸ் கட்டர், பிளேடு எல்லாம் விக்கிற ஹார்டுவேர் கடையிலயே கேளுங்க. உள்ள ஜெல் வெச்சது, பின்னாடி ரெண்டு பட்டை இருக்கறது வாங்குங்க, ஒரு பட்டைன்னா நடக்கறப்ப கீழ எறங்கிரும். அவரையே கூட்டிட்டுப் போய் கடைல முட்டி போட்டுப் பாத்து வாங்கச் சொல்லுங்க.