நிலம் இருந்தால்தான் தண்ணீர் போர்டில் நிற்க முடியுமா?

பெல்லந்தூர் வாடகைக்காரன்:
பெரியம்மா பையன் ஒருவன் கலிஃபோர்னியாவில் டுலேரி பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறான். அங்கே வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்று இருக்கிறதாம், வாய்க்கால் பராமரிப்பு, யாருக்கு எவ்வளவு தண்ணீர் எல்லாம் அதன் கையில், நடத்துவது தேர்தலில் ஜெயித்த இயக்குநர்கள். இவனும் நிற்கலாம் என்று விசாரித்தால், உன் பேரில் நிலம் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார்களாம். ஓட்டுகூட நிலக்காரருக்கு மட்டும்தானாம். ஆளுக்கொரு ஓட்டு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் நாட்டில் இது எப்படிச் செல்லும்?

எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. 2024 கோடையில் எங்கள் அபார்ட்மென்டில் போர் வற்றி, டேங்கர் தண்ணீர்க் காசு என் மெயின்டனன்ஸில் ஏறியது. மீட்டிங்கில் வாயைத் திறந்தால், "ஓனரைப் பேசச் சொல்லுங்க."

கோர்ட் வாசல்:
செல்லும் சார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது, வழக்கும் டுலேரி ஏரிப் படுகையில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் மேல்தான். மொத்தம் 1,93,000 ஏக்கர், அதில் குடியிருந்தவர்கள் குழந்தைகளோடு சேர்த்து 77 பேர். நூறு டாலர் நிலமதிப்புக்கு ஒரு ஓட்டு, அதனால் பாஸ்வெல் என்ற ஒரே கம்பெனிக்கு 37,825 ஓட்டு, போர்டில் பெரும்பான்மையை அதுவே தேர்ந்தெடுத்துவிடலாம்! இந்த அமைப்பு பள்ளிக்கூடமோ சாலையோ நடத்துவதில்லை, செலவு நிலத்தின் தலையில்தான் விழுகிறது, ஆகவே ஓட்டும் நிலத்துக்கே என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் ஒப்பவில்லை. 1969 வெள்ளத்தில் தண்ணீரை வேறு ஏரிப் படுகைக்குத் திருப்பலாம் என்று வந்த தீர்மானத்தைப் போர்டு கிடப்பில் போட்டது, அந்தப் படுகையைக் குத்தகைக்கு வைத்திருந்தது அதே பாஸ்வெல். இதை எடுத்துக்காட்டித்தான் நீதிபதி டக்ளஸ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். வெள்ளம் வந்தால் பட்டா இருக்கிறவன் வீடு, இல்லாதவன் வீடு என்று பார்த்தா வருகிறது?

இந்திராநகர் அக்கா:
அதோடு முடியவில்லை. இம்பீரியல் பாசன டிஸ்ட்ரிக்டில் அந்த ஊர் வாக்காளர் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, இயக்குநராக நிற்கத்தான் நிலம் வேண்டும் என்றிருந்தது. 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை அங்கே செல்லாது என்றது (சௌத்ரி எதிர் ஃப்ரீ வழக்கு). அந்த அமைப்பு மின்சாரமும் விற்கிறது, வாக்காளர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். ஆனால் கரண்ட் விற்றாலே நிபந்தனை போய்விடும் என்று நினைக்காதீர்கள், அரிசோனாவில் சால்ட் ரிவர் அமைப்பு லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தும், ஏக்கருக்கு ஒரு ஓட்டு சரிதான் என்று 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4-ல் விட்டுவிட்டது. எனக்கு இன்றுவரை அது ஜீரணமாகவில்லை. உங்கள் தம்பியை அவன் ஊரில் இருப்பது எந்த வகை டிஸ்ட்ரிக்ட் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் கிடையாது.

டெல்டாக்காரன்:
நிலக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. வரி கட்டுவது நாங்கள், கடன் பத்திரத்துக்கு நிலத்தை ஈடு வைப்பதும் நாங்கள், அடுத்த வருஷம் ஊரைக் காலி பண்ணிப் போகிறவர் வாய்க்காலுக்குச் செலவு முடிவு பண்ணலாமா? ஆனால் குத்தகைக்காரர் விஷயம் எனக்கே இடிக்கிறது. எங்கள் ஊரில் சிட்டா அப்பா பேரில், மடை திறந்து ராத்திரி முழுக்க வரப்பில் நிற்பவர் குத்தகைக்காரர். எந்த நேரம் தண்ணீர் வருகிறது என்று அப்பாவே அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்பார்.

கோர்ட் வாசல்:
அந்த 1973 வழக்கில் குத்தகைக்காரர்களும் கேட்டார்கள் அண்ணா. குத்தகை பேசும்போதே நிலக்காரரிடம் ஓட்டுப் போடும் அதிகாரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. அப்புறம், வாடகைக்கார சார், இதையே நீங்களும் முயற்சி செய்யலாம். அசோசியேஷன் பைலாவை ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள், ஓனர் சார்பில் இன்னொருவர் வரலாம் என்றிருந்தால் அவரிடம் ஒரு அத்தாட்சிக் கடிதம் போதும். காவிரித் தண்ணீர் விடும் பெங்களூரு குடிநீர் வாரியத்தில் அந்த வழியும் இல்லை, 1964 சட்டப்படி போர்டை நியமிப்பது மாநில அரசு, அங்கே ஓனரும் ஒன்றுதான் நீங்களும் ஒன்றுதான்.

பெல்லந்தூர் வாடகைக்காரன்:
நன்றி, தம்பிக்கு அனுப்பிவிட்டேன். ஓனர் துபாயில் இருக்கிறார். கடிதம் கேட்கப்போய் வாடகையை ஏற்றிவிடாமல் இருந்தால் சரி.